உப்பு, தண்ணீர், மின்சாரம்: என் கடல்நீர்த் தொட்டியின் மாதக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு முதல் வேலை 740 கிராம் உப்பைத் தராசில் நிறுத்து எடுப்பது. முந்தின இரவே 20 லிட்டர் வாளியில் தண்ணீர் பிடித்து, ஒரு சின்ன மோட்டாரைப் போட்டுச் சுழல விட்டிருப்பேன். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் முதலில் பால் போலக் கலங்கும். ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிடும். உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பேன். நீலக்கோடு 35-ல் நின்றால் சரி. அப்புறம் தொட்டியிலிருந்து 20 லிட்டர் பழைய தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கிவிட்டுப் புதியதை ஊற்றுவேன். ஆறு வருடமாக இப்படித்தான் என் ஞாயிறு விடிகிறது.

தொட்டி வாங்கிய நாளில் நான் போட்ட பட்டியலில் கண்ணாடித் தொட்டி, விளக்கு, மோட்டார், அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர், பாறை, மணல் எல்லாம் இருந்தன. எல்லாமே ஒரு தடவை வாங்குகிற சாமான்கள். மாதாமாதம் என்ன ஆகும் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. நான்காவது மாதம் உப்பு தீர்ந்தது. அதே வாரத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் ரெசினும் தீர்ந்தது, மின் கட்டணமும் வந்து நின்றது. அன்றைக்குத்தான் ஒரு நீள நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். மாதத்துக்கு ஒரு பக்கம். இப்போது எழுபது பக்கத்தை நெருங்குகிறது.

அந்த நோட்டில் பணத்தை நான் முதலில் எழுதுவதில்லை. கிலோ, லிட்டர், யூனிட் இவற்றைத்தான் எழுதுகிறேன். விலை இடத்துக்கு இடம், வருடத்துக்கு வருடம் மாறும். ஒரு தொட்டிக்குப் பிடிக்கிற உப்பும் தண்ணீரும் அப்படி மாறுவதில்லை. அளவு கையில் இருந்தால் அன்றைய விலையால் பெருக்க ஒரு நிமிடம் போதும். கடல்நீர்த் தொட்டி வைக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் காட்டுவதும் இந்த அளவுகளைத்தான்.

என் தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 50 உயரம். கணக்குப்படி 225 லிட்டர். கீழே ஃபில்டர் பெட்டியில் இன்னும் 40 லிட்டர் ஓடுகிறது. ஆனால் பாறையும் மணலும் இடத்தை அடைத்துக்கொள்ளும், விளிம்பு வரை யாரும் நிரப்புவதும் இல்லை. முதல் தடவை நிரப்பும்போது கேன் கேனாக எண்ணி ஊற்றினேன். உண்மையில் உள்ளே போனது 200 லிட்டர். இந்த எண்ணைச் சரியாகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். உப்பு, மருந்து, கால்சியம் என்று இனி வரும் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான்.

வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறேன், அதாவது 20 லிட்டர். கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. பையில் வரும் கலவையில் கொஞ்சம் ஈரமும் சேர்ந்திருப்பதால் எனக்கு லிட்டருக்கு 37 கிராம் பிடிக்கிறது. வாரம் 740 கிராம், வருடத்துக்கு 38.5 கிலோ. நடுவில் ஏதாவது ஆகி ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்ற நேர்ந்தால் அதற்கு மட்டும் 3.7 கிலோ வேண்டும். அப்படி ஒரு நாள் வருடத்தில் ஒன்றிரண்டு தடவை வந்துவிடும் என்று வைத்து, 45 கிலோ என்று எழுதிவிடுகிறேன். 1854-ல் இங்கிலாந்தின் இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி காஸ் நான்கு உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீருக்கு ஒரு பக்குவம் வெளியிட்டார். கடல்நீரை நகரத்துக்குச் சுமந்து வருவதில் இருந்த சிரமமும் செலவும்தான் காரணம். இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டிய நிலை அவருக்கும் இருந்திருக்கிறது என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பெரிய பையாக வாங்கினால் கிலோவுக்குக் குறைவாக வரும், உண்மைதான். ஆனால் பிரித்த பையைக் கட்டி மூலையில் வைத்தால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பாறையாகிவிடும். அப்படிக் கட்டிபிடித்த உப்பைக் கலக்கினால் வாளியின் அடியில் வெள்ளை வண்டல் தங்கும். அந்த வண்டல் தண்ணீரில் இருக்க வேண்டிய கால்சியம். பவளத்துக்குப் போய்ச் சேராது. இறுக்கமாக மூடும் டப்பா இல்லாமல் பெரிய பை வாங்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். இதை எல்லோரும் குறைத்துத்தான் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் போட்டேன், வாரம் 20 லிட்டர் என்று. தினமும் ஆவியாகிப் போவதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

மகளுக்கு அப்போது ஏழு வயது. தொட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த அளவுக்கோட்டைக் காட்டி, "அப்பா, தண்ணி குறைஞ்சிடுச்சு. உப்புத் தண்ணி ஊத்தட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்மா, உப்பில்லாத தண்ணியை ஊத்து" என்றேன்.

"கடல்தானப்பா இது?"

வாயால் விளக்கினால் மனதில் நிற்காது என்று, தொட்டியிலிருந்து ஒரு கரண்டித் தண்ணீரை எடுத்து ஒரு கறுப்புத் தட்டில் ஊற்றி ஜன்னலோரம் வைத்தேன். மறுநாள் மாலை தட்டில் தண்ணீர் இல்லை. வட்டமாக வெள்ளைப் பொடி மட்டும் படிந்திருந்தது, ஓரத்தில் கனமாக, நடுவில் மெல்லிசாக. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். தண்ணீர்தான் போகும், உப்பு தங்கிவிடும் என்று அதற்குமேல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து உப்பளவைப் பார்த்து நோட்டில் எழுதுவது அவள் பொறுப்பு.

என் தொட்டியில் நாளுக்குச் சராசரியாக 4 லிட்டர் ஆவியாகிறது. வாரத்துக்கு 28 லிட்டர். மாற்றும் 20 லிட்டரைவிட இது அதிகம். இரண்டையும் கூட்டினால் வாரம் 48 லிட்டர், வருடம் ஏறக்குறைய 2,500 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர். ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர 3 லிட்டரை வெளியே தள்ளுகிறது. ஆக வருடத்துக்கு 7,500 லிட்டர் வடிகாலுக்குப் போக வேண்டியது. அதை டிரம்மில் பிடித்து வீடு துடைக்கவும் துணி அலசவும் வைத்துக்கொள்கிறோம்.

ஆர்.ஓ. கருவியில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் என் குழாய்த் தண்ணீர் 400 காட்டும். நல்ல மெம்ப்ரேன், அதாவது கருவிக்குள் வடிகட்டும் சவ்வு, அதில் 98 சதவீதத்தைத் தடுத்துவிடும், மீதியைப் பிடிக்கும் ரெசினுக்குள் போகும்போது 8 தான் இருக்கும். மெம்ப்ரேன் தேய்ந்து 92 சதவீதத்துக்கு இறங்கினால் ரெசினுக்கு 32 போகிறது. நான்கு மடங்கு! ரெசின் ஆறு மாதம் வருவது ஒன்றரை மாதத்தில் தீரும். நான் நான்கு தடவை ரெசின் மாற்றிய பிறகுதான் மெம்ப்ரேனைச் சந்தேகப்பட்டேன். இப்போது மெம்ப்ரேனுக்கு முன்னும் பின்னும் மாதம் ஒரு தடவை மீட்டரை வைத்துப் பார்க்கிறேன். முன்னால் இருக்கும் வண்டல் ஃபில்டரையும் கார்பனையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். கார்பன் ஓய்ந்து குளோரின் உள்ளே போனால் மெம்ப்ரேனின் மெல்லிய படலம் கெட்டுவிடும். அப்புறம் செலவு சங்கிலி போலத் தொடரும்.

மின்சாரத்துக்கு ஒரு சுலபமான வாய்ப்பாடு வைத்திருக்கிறேன். இரவும் பகலும் ஓடும் கருவி எதுவானாலும் ஒரு வாட்டுக்கு வருடம் 8.76 யூனிட். ஃபில்டர் பெட்டியிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் மோட்டார் 25 வாட், ஸ்கிம்மர் 15, தொட்டிக்குள் அலை எழுப்பும் இரண்டு வேவ் மேக்கரும் சேர்ந்து 20. மொத்தம் 60 வாட், அதாவது மாதம் 43 யூனிட். விளக்கு 130 வாட், நாளுக்கு 9 மணி நேரம், மாதம் 35 யூனிட். பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை நம்பாமல் பிளக்கில் மாட்டும் மீட்டரை வைத்து அளந்த எண்கள் இவை. முதலில் வைத்திருந்த ரிட்டர்ன் மோட்டார் 55 வாட் இழுத்தது. அதை மாற்றியதில் மட்டும் வருடத்துக்கு 263 யூனிட் மிச்சம்.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் பெரிய தீனிக்காரன். 250 வாட், வெயில் கடுமையான மாதங்களில் நாளுக்கு 9 மணி நேரம் ஓடும். மாதம் 67 யூனிட்டுக்கு மேல். அதனால் சில்லருக்கு முன்னால் விசிறியை முயன்று பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். நீர்மட்டத்தின் மேல் சாய்வாக மாட்டிய இரண்டு சின்ன விசிறிகள் சேர்ந்து 12 வாட். 12 மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்கு 4 யூனிட் சொச்சம்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. விசிறி வைத்தபின் என் தொட்டியில் நாளுக்குக் கூடுதலாக இரண்டரை லிட்டர் ஆவியானது. 2 டிகிரி இறங்கியது. அதற்கு ஈடாகச் சுத்திகரித்த தண்ணீர் கூடுதலாகச் செலவாகும், ஆனால் அது தாங்கக்கூடியதே. காற்றில் ஈரம் நிறைந்த நாட்களில் மட்டும் விசிறி கைகொடுக்காது. அன்றைக்குச் சில்லர் ஓடித்தான் ஆக வேண்டும். என் பக்கங்களில் விசிறி மாதம், சில்லர் மாதம் என்று இரண்டு வகை உண்டு.

தீனி பெரிய செலவில்லை. ஐந்து சிறிய மீன்களுக்கு நாளுக்கு ஒரு கட்டி உறைந்த மைசிஸ் இறால் போதும். இதற்காக யாரும் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது பவளத்தைப் பற்றி. பவளத்தின் விலையைச் சொல்லவில்லை, வாங்கிய பிறகு அது கேட்பதைச் சொல்கிறேன். ஜோவாந்தஸ், காளான் பவளம் மாதிரி மென்பவளங்கள் கல்லெலும்பு கட்டுவதில்லை. அவற்றை மட்டும் வைத்திருந்த முதல் இரண்டு வருடம் என் தொட்டியில் ஆல்கலினிட்டி (தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டின் அளவு, டி.கே.எச். அதன் அலகு) நாளுக்கு 0.3 டி.கே.எச். கூடக் குறையவில்லை. வாராந்திரத் தண்ணீர் மாற்றத்தோடு தினமும் ஒரு சிட்டிகை சோடா போட்டால் போதும் என்கிற அளவு. அப்புறம் அக்ரோபோரா, மாண்டிபோரா என்ற கல்பவளங்கள் வந்தன. கல்பவளம் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத்தான் எலும்பு கட்டுகிறது. வளர வளர நாளுக்கு 1.2 டி.கே.எச். வரை இறங்க ஆரம்பித்தது.

200 லிட்டரில் 1 டி.கே.எச். ஏற்ற 6 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். 1.2-க்கு 7.2 கிராம், வருடம் 2.6 கிலோ. 2.8 டி.கே.எச். குறையும்போது கூடவே 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு) கால்சியம் குறையும் என்பது எலும்பு கட்டுவதன் கணக்கு. அதன்படி கால்சியம் குளோரைடு வருடம் 2.3 கிலோ. இரண்டையும் பொடியாக வாங்கி நானே கரைத்துக்கொள்கிறேன். கரைத்து அடைத்த பாட்டிலாக வாங்கினால் பெரும்பகுதி தண்ணீருக்குத்தான் காசு கொடுக்கிறோம். புதுப் பவளம் வாங்க ஆசை வரும்போதெல்லாம் நான் செய்வது இதுதான்: இந்தக் கரைசல்களை ஊற்றும் டோசிங்கை மூன்று நாள் நிறுத்தி, தினமும் அதே நேரத்தில் ஆல்கலினிட்டியை அளந்து, நாளுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து எழுதுவேன். அந்த எண்ணைப் பார்த்த பிறகு ஆசையைப் பற்றி முடிவு செய்வேன்.

அளப்பது என்றதும் என் மனதை இன்னும் உறுத்தும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் செலவைக் குறைக்க வேண்டிய ஒரு மாதத்தில், காலாவதியான ஆல்கலினிட்டி டெஸ்ட் கிட்டையே தொடர்ந்து பயன்படுத்தினேன். பாட்டிலில் பாதி மீதி இருந்தது, வீணாக்குவானேன் என்று நினைத்தேன். மூடியும் இறுக மூடாமல் இருந்திருக்கிறது. திரவத்தில் இருந்த நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி அமிலம் செறிந்துவிட்டது. அப்படியானால் குறைந்த சொட்டுகளிலேயே நிறம் மாறும், அளவு குறைவாகக் காட்டும். எனக்கு 6.8 என்று காட்டியது. பதறிப்போய் ஒரு வாரம் டோசை ஏற்றிக்கொண்டே போனேன்.

அக்ரோபோராவின் நுனிகள் முதலில் வெளுத்தன. வளரும் நுனி வெளிறித்தான் இருக்கும் என்பதால் வளர்கிறது என்றுகூட நினைத்தேன். ஐந்தாம் நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நுனியில் சதையே இல்லை. ஊதா நிறச் சதை விளிம்பில் நூல் நூலாகப் பிய்ந்து நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே வெறும் எலும்பு, துளைத் துளையாக, சுண்ணாம்பு வெள்ளையில். அன்று மாலை புதுக் கிட் வாங்கி வந்து அளந்தேன். 11.2. நான்கு வருடத் தொட்டியின் மூன்று கொத்துகள் பத்து நாளில் போயின. நல்லாயிருந்த கிளையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் துண்டு ஒன்றை மட்டும் வெட்டி எடுத்துப் பாறையில் ஒட்டினேன்.

அதன்பிறகு டெஸ்ட் கிட்டுகளுக்கு என் நோட்டில் தனி வரி இருக்கிறது, தேதியோடு. எந்த மாதத்திலும் அந்த வரியில் கை வைப்பதில்லை.

தனித்தொட்டிக்கும் அப்படித்தான். புது மீன் எதுவானாலும் 40 லிட்டர் தனித்தொட்டியில் சில வாரங்கள் இருந்துவிட்டுத்தான் பெரிய தொட்டிக்கு வரும். கடல்மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோயைத் தரும் கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணி பெரிய தொட்டிக்குள் நுழைந்துவிட்டால், அங்கே தாமிர மருந்து போட முடியாது. பவளமும் இறாலும் நத்தையும் செத்துவிடும். எல்லா மீனையும் பிடித்து வெளியே வைத்து, தொட்டியை 76 நாள் மீனில்லாமல் விட்டுவைக்க வேண்டும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் பலரும் பின்பற்றும் கணக்கு. தனித்தொட்டிக்கு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு சின்ன ஹீட்டர், தாமிர டெஸ்ட் கிட், கொஞ்சம் உப்பு போதும். மீன் வாங்கும் தொகையோடு இதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, முடிந்தால் மட்டும் மீனை வாங்குங்கள்.

கடைசியாக, மாதாமாதம் வராத செலவு. முதல் மூன்று வருடம் என்னைத் தள்ளாட வைத்தது இதுதான். மோட்டார் ஒரு நாள் நிற்கும், அன்றைக்கே வேறு வேண்டும், பணம் இருக்கிறதா என்று அது கேட்காது. இப்போது ஒவ்வொரு கருவிக்கும் ஆயுள் போட்டு வைத்திருக்கிறேன். ஹீட்டருக்கு 2 வருடம், வேவ் மேக்கருக்கு 3, ரிட்டர்ன் மோட்டாருக்கும் ஸ்கிம்மர் மோட்டாருக்கும் 4, விளக்குக்கு 6, சில்லருக்கு 7. எல்.இ.டி. 50,000 மணி நேரம் எரியும் என்று போட்டிருப்பார்கள். நாளுக்கு 9 மணி நேரம் என்றால் 15 வருடம். ஆனால் அதற்கு வெகுமுன்பே விளக்கின் விசிறியும் பவர் சப்ளையும் போய்விடும். ஒவ்வொன்றின் விலையையும் அதன் ஆயுள் மாதங்களால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டினால் வருவதுதான் மாதம் எடுத்து வைக்க வேண்டிய தொகை. எனக்கு அது உப்புச் செலவைவிட அதிகம். தனிக் கணக்கில் போடுகிறேன். எதுவும் பழுதாகாத மாதத்திலும் போடுகிறேன்.

ஹீட்டருக்கு 2 வருடம் என்பது குறைவு என்று சிலர் சொல்வார்கள். ஹீட்டர் கெடும்போது அணைந்து கெட்டால் பரவாயில்லை, சமாளிக்கலாம். உள்ளே தொடுமுனை ஒட்டிக்கொண்டு அணையாமல் கெட்டால், 200 வாட் ஹீட்டர் 200 லிட்டரை, வெளியே போகும் வெப்பத்தைக் கழிக்காமல் பார்த்தால், மணிக்கு ஏறக்குறைய 1 டிகிரி ஏற்றும். இரவில் எட்டு மணி நேரம் தூங்குகிறோம். அதனால் தனியாக ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் வைத்திருக்கிறேன். மின்சாரம் நின்றால் தானாக ஓடும் பேட்டரி காற்று மோட்டார் ஒன்றும், மாற்று ரிட்டர்ன் மோட்டார் ஒன்றும் அலமாரியில் தயாராக இருக்கின்றன. என் கோமாளி மீன் ஜோடிக்கு ஆறு வயது. வீட்டுத் தொட்டியில் 20 வருடத்துக்கு மேல் வாழ்ந்த கோமாளி மீன்கள் உண்டு. அத்தனை வருடத்துக்குமான கணக்கு இது.

இந்த மாதப் பக்கத்தை நேற்று இரவு மகளோடு உட்கார்ந்து எழுதினேன். உப்பு 3 கிலோ, சில்லர் மாதம், கார்பன் ஃபில்டர் மாற்ற வேண்டும். அன்று பாறையில் ஒட்டிய அந்த இரண்டு சென்டிமீட்டர் துண்டு இப்போது உள்ளங்கை அகலத்துக்குக் கிளைத்திருக்கிறது, நுனிகள் நீலமாக. மூன்று நாள் டோசிங்கை நிறுத்தி அளந்ததில் நாளுக்கு 1.3 இறங்குகிறது. மகள் 7.2 கிராமை அடித்துவிட்டு 7.8 என்று எழுதினாள்.